சித்தப்பாவின் உயிலுக்குப் புரோபேட் வாங்கிய கதை

மயிலாப்பூர் வீட்டுக்காகச் சித்தப்பா எழுதிய உயிலில் என்னை நிறைவேற்றுநராக நியமித்திருந்தார். 2019-இல் அவர் காலமானார். சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள், அதாவது அந்த நீதிமன்றமே நேரடியாக வழக்கு விசாரிக்கும் பகுதிக்குள், இருக்கும் சொத்து என்பதால் அப்போது புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கட்டாயம். உயில் பதிவு செய்யப்பட்டிருந்தும் விலக்கு இல்லை.

சிக்கல் சாட்சியில் வந்தது. கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் இறந்துவிட்டார்; மற்றவர் ஊர் மாறிவிட்டார். உயில் வழக்குகளில் பழகிய ஒரு வழக்கறிஞரிடம் போனேன். “முதலில் அந்தச் சாட்சியைத் தேடுங்கள், மனு பிறகு” என்றார். சித்தப்பாவின் பழைய அலுவலக நண்பர்கள் மூலம் அவரைத் திருச்சியில் கண்டுபிடித்துப் பிரமாணப் பத்திரம் வாங்கினோம். பிறகு வாரிசுகளுக்கு அறிவிப்பு, நாளிதழில் விளம்பரம், யாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்த ஒரு யோசனைக்கே அவருடைய கட்டணம் தகும்.

கணக்கு மட்டும் என் பொறுப்பு. ஈமச் செலவு, மருத்துவமனைப் பாக்கி, கடன் எல்லாம் தீர்ந்த பிறகுதான் பங்கு. புரோபேட் கிடைத்த ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தர வேண்டும் என்கிறது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். தனி நோட்டில் ரசீதுகளை ஒட்டி, சித்தப்பாவின் பிள்ளைகள் எல்லோருக்கும் நகல் அனுப்பினேன். சந்தேகம் எழுந்தபோதெல்லாம் அந்த நோட்டே பதில் சொன்னது.