பக்கவாதம்: அடைப்பை எடுக்கும் சிகிச்சை கைநழுவிப் போவது எங்கே?

“எப்போது ஆரம்பித்தது?” அவசரப் பிரிவில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று இது. “காலையில் 6 மணிக்கு” என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். 6 மணி என்பது நாம் பார்த்த நேரம். அப்பாவின் வாய் கோணியிருந்ததும், வலது கை தொய்ந்து கிடந்ததும் நம் கண்ணில் பட்ட நேரம். டாக்டருக்கு வேண்டியது வேறு. அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு?

இரவு 10 மணிக்குப் பேசிவிட்டுப் படுத்தார், அதன்பின் யாரும் பார்க்கவில்லை என்றால் கணக்கு 10 மணியிலிருந்து ஓடும். அதிகாலை 4 மணிக்குத் தானே எழுந்து பாத்ரூம் போய்வந்து, அம்மாவிடம் தெளிவாகப் பேசித் தண்ணீர் வாங்கிக் குடித்தார் என்றால் 4 மணியிலிருந்து. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எனவே அம்மாவின் அந்த ஒரு ஞாபகம் சிகிச்சையின் போக்கையே மாற்றிவிடும். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே வீட்டிலிருப்பவர்களைக் கேட்டு நேரத்தை எழுதிக்கொள்ளுங்கள். கடைசியாகப் பார்த்தவரையும் கூடவே அழைத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் மறக்காதீர்கள், குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை இருந்தால்.

மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் ஊசி மட்டும் பல நேரங்களில் போதாது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய கத்தீட்டர் குழாயை மூளைவரை கொண்டுபோய், கட்டியை உறிஞ்சி எடுப்பார்கள், அல்லது வலை போன்ற ஸ்டென்ட்டில் சிக்கவைத்து இழுப்பார்கள். இதயத்தில் வைப்பதுபோல இங்கேயும் ஸ்டென்ட்டை உள்ளே விட்டுவிடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை, அது கட்டியோடு வெளியே வந்துவிடும்.

“மூளைக்குள் கம்பி விட்டால் ரத்தம் கசிந்துவிடாதா?” என்ற பயம் நியாயமானதுதான். அதற்கு எண்களிலேயே பதில் இருக்கிறது. 2015-ல் நெதர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. அவற்றில் இருந்த 1,287 நோயாளிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, நிலைமையை மோசமாக்கும் மூளை ரத்தக்கசிவு கத்தீட்டர் சிகிச்சை பெற்றவர்களில் 4.4 சதவீதம், பெறாதவர்களில் 4.3 சதவீதம். மூன்று மாதம் கழித்துத் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், கத்தீட்டர் சிகிச்சை பெற்றவர்களில் 46 சதவீதம். மற்ற பிரிவில் 26.5 சதவீதம்தான். 80 வயதைத் தாண்டியவர்களுக்கும் பலன் இருந்தது. “இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்” என்று வீட்டுக்காரர்களே முடிவுகட்டிவிடுவது என்னால் ஏற்க முடியாத தவறு.

அந்த 46 சதவீதத்தை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் அந்த நிலைக்கு வரவில்லை. அடைப்பு முழுவதும் நீங்கிய பிறகும் மறுநாளே கை எழும்பாமல் போகலாம். அதைப் பார்த்து “சிகிச்சை தோற்றுவிட்டது” என்று பிசியோதெரபியைக் கைவிட்டால், மீட்ட பகுதியையும் நாமே விட்டுக்கொடுக்கிறோம்.

இப்போது ஒரு புதிய தவறு பரவி வருகிறது. “24 மணி நேரம் வரை எடுக்கலாமாமே” என்று நிதானமாகக் கிளம்புகிறார்கள். இந்த 24 மணி நேரக் கணக்கு 2018-ல் வெளியான டான் (DAWN) என்ற ஆய்விலிருந்து வந்தது. அதில் 6 முதல் 24 மணி நேரம் கடந்த எல்லோரையும் சேர்க்கவில்லை. பக்கவழிக் குழாய்கள் ஓரளவு ரத்தம் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருந்ததால், செத்த பகுதி சிறிதாகவே இருந்தவர்களை ஸ்கேன் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். நம் வீட்டுப் பெரியவருக்கு அந்தப் பக்கவழிகள் எப்படி இருக்கின்றன என்று வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாராலும் சொல்ல முடியாது. பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் கணக்கிட்டார். தாமதமாக வந்தவருக்கும் வழி இருக்கிறது என்பதுதான் 24 மணி நேரத்தின் பொருள். தாமதமாக வரலாம் என்பதல்ல.

வீட்டில் நேரத்தைத் தின்பவை வேறு பல. விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி, புறா ரத்தம் தடவுவது, தைலம் போட்டு நீவுவது என எதுவும் மூளையிலுள்ள அடைப்பைத் தொடாது. காபி, சோடா, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், வந்திருப்பது அடைப்பா ரத்தக்கசிவா என்பது சிடி ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். பிரஷர் ஏறியிருக்கிறதே என்று நாக்குக்கடியில் மாத்திரை வைப்பதும் ஆபத்து. அடைப்பைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள உடம்பே பிரஷரை ஏற்றியிருக்கலாம்.

108-க்கு அழைத்ததும் பக்கவாதம் என்று சந்தேகிப்பதைச் சொல்லிவிடுங்கள். சிடி ஸ்கேன் இல்லாத கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு காத்திருக்கும் ஒரு மணி நேரம் வீண். கத்தீட்டர் வசதியுள்ள மருத்துவமனை தொலைவில் என்றால், ஸ்கேனும் ஊசியும் உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு முதலில் போகலாம். ஊசி போட்டபின் “வேலை செய்கிறதா பார்ப்போம்” என்று அங்கேயே உட்கார்ந்துவிடக் கூடாது. பெரிய குழாயில் அடைப்பா, இங்கே எடுப்பீர்களா, இல்லையென்றால் எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். அங்கிருந்து கிளம்பும் முன்பே ஸ்கேன் படங்கள் அடுத்த மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் நல்லது.

கையெழுத்து இன்னொரு முட்டுக்கட்டை. அண்ணன் வெளியூரிலிருந்து வரட்டும், மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று நடுக்கூடத்தில் நடக்கும் ஆலோசனை ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்துவிடுகிறது. பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதுதான், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்லலாம். வீட்டில் பிரஷர், சர்க்கரை, இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர் இருந்தால், இப்படி ஒன்று நேர்ந்தால் முடிவெடுப்பவர் யார் என்பதை இன்றைக்கே பேசி வையுங்கள்.

பத்து நிமிடம் கை மரத்து, பேச்சுக் குழறி, பிறகு தானாகவே சரியாகிவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரிய பக்கவாதம் அடுத்த சில நாட்களில் வரக்கூடும். கத்தீட்டர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள், இதயத் துடிப்புக் கோளாறுக்காக, ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையைப் பல் பிடுங்குவதற்காகவோ உடம்பு நன்றாகிவிட்டது என்றோ தாமாக நிறுத்துகிறார்கள். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.