காப்பர் பெப்டைடு: செம்பின் பிடி நழுவாமல் பயன்படுத்தும் முறை

முகத்தில் தடவும் காப்பர் பெப்டைடு சீரத்தை (செம்பு பிடித்த சிறு புரதத் துண்டு கலந்த நீர்மப் பூச்சு) புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். வைட்டமின் சி சீரத்தின் மேலேயே அதையும் தடவிவிடுவது ஒன்று. இன்னும் மூடாத காயத்தில் வைப்பது இன்னொன்று. இவை ஏன் தவறு என்று புரிய வேண்டுமானால், அந்த நீலத் துளிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். அது பிடிபட்டால் பின்னால் வரும் விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது.

துளிக்குள் இருப்பது என்ன?

கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சின்னஞ்சிறு துண்டு இது. சுருக்கமாக ஜிஎச்கே. 1973-இல் லோரன் பிக்கார்ட் இதை மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்தார். இந்தத் துண்டு செம்பு அயனி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அதற்குப் பெயர் ஜிஎச்கே-சியு. பிடிப்பவை மூன்று நைட்ரஜன் அணுக்கள்: கிளைசின் முனையில் ஒன்று, கிளைசினும் ஹிஸ்டிடினும் சேரும் இணைப்பில் ஒன்று, ஹிஸ்டிடினின் வளையத்தில் ஒன்று. சீரத்தின் நீல நிறம் இந்தப் பிடியிலிருந்துதான் வருகிறது. தனியாகச் சாயம் சேர்க்க வேண்டியதில்லை.

இந்தப் பிடிதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. செம்பு உடலுக்கு வேண்டிய உலோகம். தோலைத் தாங்கும் கொலாஜன், எலாஸ்டின் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி செம்பில்லாமல் வேலை செய்யாது. அதே செம்பு கட்டில்லாமல் திரிந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, செல்களைக் காயப்படுத்தும் ராடிகல்களை உண்டாக்கும். பெப்டைடு அதைப் பிடித்து வைத்திருக்கும்வரை துணை. பிடி விட்டால் தொல்லை.

காயம் ஆறுவதில் இதற்கு என்ன பங்கு? தோலின் முதல் வகைக் கொலாஜன் சங்கிலி ஒன்றிலேயே இந்த ஜிஎச்கே வரிசை இருக்கிறது. தோல் கிழிந்ததும் அங்கே வரும் நொதிகள் சேதமான கொலாஜனை வெட்டும்போது இந்தத் துண்டு வெளிப்பட்டு, "இங்கே பழுதுபார்ப்பு தேவை" என்ற சமிக்ஞையாகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். 1988-இல் பிரான்சில் மக்கார் குழுவினர் கொலாஜனைத் தயாரிக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற தோல் செல்களை வளர்த்துச் சோதித்தபோது, ஜிஎச்கே-சியு கொலாஜன் உற்பத்தியைத் தூண்டியது. உச்சப் பலன் கிடைத்த செறிவு ஒரு நானோமோலார், அதாவது ஒரு லிட்டரில் சுமார் 0.4 மைக்ரோகிராம்.

இந்த எண்ணைக் கடையில் விற்கும் புட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1 சதவீத சீரத்தில் ஒரு லிட்டருக்கு 10 கிராம் இருக்கிறது. அந்த உச்சச் செறிவைப்போல ஏறத்தாழ இரண்டரைக் கோடி மடங்கு. தோலின் மேலடுக்கைக் கடந்து உள்ளே போவது இதில் மிகச் சிறு பங்குதான். ஜிஎச்கே-சியுவின் மூலக்கூறு எடை சுமார் 403. ஊடுருவலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 500 என்ற வரம்புக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனாலும் நீரில் கரையும் பொருள் என்பதால் எண்ணெய்ப்பசை நிறைந்த மேலடுக்கு அதை எளிதில் விடாது. அப்படியிருந்தும் "சதவீதம் கூடினால் பலன் கூடும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. கூடுவது எரிச்சலுக்கான வாய்ப்பு.

ஆய்வகத் தட்டில் தெரிந்தது அத்தனையும் மனிதர்களிடம் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1992-இல் வெளியான, கால் சிரை நோயால் வரும் புண்கள் பற்றிய ஒப்பீட்டுச் சோதனையில், செம்பு ட்ரைபெப்டைடு மருந்தில்லாத வெறும் கிரீமைவிட மேலாக வேலை செய்யவில்லை. சில்வர் சல்ஃபாடையசின் என்ற கிருமியெதிர்ப்புப் பூச்சுதான் முந்தியது. லேசர் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு பற்றிய 2006-ஆம் ஆண்டுச் சிறு ஆய்வில் சிவப்பிலோ சுருக்கத்திலோ அளந்து சொல்லும் வேறுபாடு வரவில்லை. பயன்படுத்தியவர்கள் மட்டும் கூடுதல் திருப்தி தெரிவித்தார்கள். ஆகவே இதைத் தோலுக்கு ஆதரவு தரும் பூச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். மருந்தின் இடத்தில் வைக்காதீர்கள்.

படி 1: லேபிளைப் படியுங்கள்

பொருள்கள் பட்டியலில் "காப்பர் ட்ரைபெப்டைடு-1" என்று இருக்க வேண்டும். வெறும் "ட்ரைபெப்டைடு-1" என்றாலோ "பால்மிடாயில் ட்ரைபெப்டைடு-1" என்றாலோ அதில் செம்பு கிடையாது. "காப்பர் குளுக்கோனேட்", "காப்பர் பிசிஏ" போன்றவை செம்பு உப்புகள், பெப்டைடு அல்ல.

அடுத்தது சதவீதம். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். "5 சதவீத காப்பர் பெப்டைடு கரைசல்" என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும். அந்த மூலக்கரைசலிலேயே பெப்டைடு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1000 பங்கு) மட்டும் இருந்தால், புட்டியில் உண்மையில் இருப்பது 50 பிபிஎம், அதாவது 0.005 சதவீதம். "கரைசல்" என்ற சொல் இருந்தால், தூய பெப்டைடு எவ்வளவு என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். தொடக்கத்துக்கு 0.1 சதவீதத்திலிருந்து 1 சதவீதம்வரை போதும்.

பட்டியலில் "டைசோடியம் இடிடிஏ" இருக்கிறதா என்றும் பாருங்கள். உலோக அயனிகளைக் கவ்விக்கொள்வதே இடிடிஏவின் வேலை. செம்பை அது ஜிஎச்கேயைவிட இறுக்கமாகப் பிடிக்கும். 0.1 சதவீத இடிடிஏவில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 0.1 சதவீத ஜிஎச்கே-சியுவில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். ஒரே புட்டியில் இரண்டும் அந்த அளவில் இருந்தால் செம்பு முழுவதும் கைமாறிப் போக இடமுண்டு. அப்படிப்பட்ட தயாரிப்பைத் தவிருங்கள்.

படி 2: பேட்ச் டெஸ்ட்

முழங்கையின் உட்புறத்தில், நாணய அளவு இடத்தில், ஒரு துளி. காலையும் இரவும், ஒரே இடத்தில், 7 நாள். ஒரு நாள் மட்டும் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொடர்பு ஒவ்வாமை தலைகாட்டச் சில நாள்கள் ஆகும். அரிப்பு, சிறு கொப்புளம், தடிப்பு, இவற்றில் எது வந்தாலும் கழுவிவிட்டு அதோடு நிறுத்துங்கள். காரணம் செம்பாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாசனைப் பொருளும் பதப்படுத்தியும் இதைவிட அடிக்கடி ஒவ்வாமை தருபவை.

படி 3: முதல் எட்டு வாரங்கள்

முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரவில் மட்டும். மென்மையான க்ளென்சரால் முகம் கழுவி ஈரத்தை ஒற்றி எடுங்கள். 5 துளி, அதாவது சுமார் கால் மி.லி., முகம் முழுவதற்கும் போதும். கண்ணின் ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டுத் தடவுங்கள். சில நிமிடம் கழித்து மாய்ஸ்சரைசர்.

மூன்றாம் வாரத்திலிருந்து தோல் அமைதியாக இருந்தால் தினமும் இரவில். பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் கட்டாயம். புதிய கொலாஜனை எதிர்பார்த்து இரவில் சீரம் தடவிவிட்டு, பகலில் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்க விடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுபோல. எட்டு வாரத்துக்குமுன் பலனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கொலாஜன் மாற்றம் மெதுவாகத்தான் நடக்கும். முதல் நாளும் எட்டாம் வார இறுதியிலும் ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து ஒப்பிடுங்கள். கண்ணாடியை மட்டும் நம்பினால் ஆசை பேசும்.

இடையில் தோல் தொய்வாக, சுருக்கம் கூடியதுபோலத் தெரிகிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஆய்வகத்தில் ஜிஎச்கே-சியு கொலாஜனை உருவாக்குவதோடு, பழைய இழைகளை வெட்டும் எம்எம்பி-2 என்ற நொதியையும் தூண்டியிருக்கிறது. அப்படித் தெரிந்தால் இரண்டு வாரம் நிறுத்துங்கள். பிறகு வாரம் இரண்டு இரவு, பாதி அளவு. மறுபடியும் அதே நிலை என்றால் இந்தச் சீரம் உங்கள் தோலுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிடலாம்.

படி 4: எதோடு சேர்க்கக் கூடாது?

பிடியை நினைவில் வைத்தால் இது எளிது. வைட்டமின் சியின் தூய வடிவமான அஸ்கார்பிக் அமிலம் செம்புக்கு எலக்ட்ரான் தந்து அதன் நிலையை மாற்றுகிறது. செம்போ அஸ்கார்பிக் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைய வழிசெய்கிறது. இரண்டும் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்கின்றன. அதோடு அத்தகைய வைட்டமின் சி சீரங்களின் பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடுவதைக் காட்டும் அளவு) பொதுவாக 3.5-க்குக் கீழே. அந்தப் புளிப்பில் ஹிஸ்டிடின் வளையத்தின் நைட்ரஜன் புரோட்டானை ஏற்றுக்கொள்ளும். செம்பைப் பிடிக்கும் கை ஒன்று குறைந்துவிடும். கிளைகாலிக், சாலிசிலிக் அமிலங்களுக்கும் இதே காரணம்தான்.

தீர்வு: வைட்டமின் சி காலையில், காப்பர் பெப்டைடு இரவில். இறந்த செல்களை நீக்கும் அமில எக்ஸ்ஃபோலியன்ட் போடும் இரவில் பெப்டைடு வேண்டாம். முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடு வலுவான ஆக்சிஜனேற்றி என்பதால் அதையும் வேறு வேளைக்கு மாற்றுங்கள். வைட்டமின் ஏ வகையான ரெட்டினாலோடு வேதியியல் மோதல் இந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் எரிச்சல் வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும். ஓர் இரவு அது, மறு இரவு இது. நியாசினமைடு, ஹயலுரானிக் அமிலம், கிளிசரின், செரமைடு இவற்றோடு தாராளமாகச் சேரும்.

படி 5: காயம் என்றால்

திறந்த காயத்தில் அழகுசாதனச் சீரத்தை வைக்காதீர்கள். அது கிருமிநீக்கம் செய்த பொருள் அல்ல. புதிய வெட்டுக்காயத்தைச் சுத்தமான ஓடும் நீரில் கழுவி, வாசலின் மெல்லியதாகப் பூசி, கட்டுத்துணியால் மூடுங்கள். ஈரம் காத்த காயம் காய்ந்துபோன காயத்தைவிட விரைவாக மூடும். மேல்தோல் முழுதும் மூடி, பொருக்கு தானாக உதிர்ந்து, கசிவே இல்லாத நிலைக்குப் பிறகுதான் சீரத்தைப் பற்றி யோசிக்கலாம். தழும்பு அதற்குப்பின்னும் பல மாதங்கள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், சில நாள் பொறுப்பதால் எந்த இழப்பும் இல்லை.

மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைத் துளைப்பது), லேசர், பீல் (அமிலத்தால் மேல்தோலை உரிப்பது) செய்தவர்களுக்கும் இதுதான். வீட்டில் ஊசி ரோலர் ஓட்டிவிட்டு உடனே சீரம் தடவுவதுதான் இவற்றில் மிக ஆபத்தானது. தோலின் காவல் அடுக்கைத் துளைத்த பிறகு, மேலே நிற்க வேண்டிய பதப்படுத்தியும் வாசனைப் பொருளும் நேராக உள்ளே போகும். சிகிச்சை தந்தவர் அனுமதிக்கும்வரை காத்திருங்கள்.

நீரிழிவு உள்ளவரின் காலில் புண், சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல், இரண்டு வாரத்தில் சிறிதும் சுருங்காத புண்: இவை மருத்துவர் பார்க்க வேண்டியவை. நீரிழிவுக் கால்புண் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

யார் தவிர்க்க வேண்டும்?

வில்சன் நோய் உள்ளவர்களின் உடல் செம்பை வெளியேற்றத் தடுமாறும். மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்களுக்கு அளவு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: 1 சதவீத சீரம் கால் மி.லி.யில் ஜிஎச்கே-சியு 2.5 மி.கி.; அதில் செம்பு சுமார் 0.4 மி.கி. பெரியவருக்கு உணவிலிருந்து தினமும் தேவைப்படுவது 0.9 மி.கி. தடவியதில் பெரும்பகுதி தோலின் மேலேயே தங்கிவிடும். செம்புக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது.

ஊசி மருந்தாக இணையத்தில் விற்கும் ஜிஎச்கே-சியு பொடி முற்றிலும் வேறு கதை. மேலே சொன்ன பாதுகாப்புக் கணக்கு தோலில் தடவுவதற்கு மட்டுமே. ஊசியில் தோல் என்ற தடுப்பே இல்லை. "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்ற சீட்டோடு வரும் குப்பிக்கு மருந்துத் தரச் சோதனை கிடையாது. உள்ளே கிருமி நச்சு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கரைத்து உடலில் ஏற்றாதீர்கள். அந்தப் பொடியை வீட்டில் நீரில் கலந்து சீரம் செய்வதும் வேண்டாம். பதப்படுத்தி இல்லாத நீர்க்கரைசலில் சில நாள்களிலேயே பாக்டீரியா பெருகும்.

படி 6: புட்டியைப் பார்த்துக்கொள்வது

வெளிச்சம் படாத, 25 டிகிரிக்குக் கீழான இடம் போதும். குளிர்பதனப் பெட்டி இன்னும் நல்லது, உறையவைக்க மட்டும் வேண்டாம். சொட்டுக்குழாய் தோலில் படக் கூடாது. திறந்த தேதியைப் புட்டியின் அடியில் எழுதி வையுங்கள். லேபிளில் வேறு காலம் குறிப்பிடாவிட்டால் ஆறு மாதத்தில் முடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: தெளிவான நீலம் என்றால் சரி. பச்சையாகத் திரும்பினாலோ, பழுப்பு ஏறினாலோ, கலங்கி அடியில் படிவு தெரிந்தாலோ பிடி நழுவிவிட்டது அல்லது கிருமி புகுந்துவிட்டது என்று கொள்ளுங்கள். பாதிப் புட்டி மிச்சமிருந்தாலும் முகத்தில் போடாதீர்கள்.