ஸ்பானிய வினைகளின் பகுதி மாறுவது ஏன்? அட்டவணைக்கு முன் அழுத்தத்தைக் கேளுங்கள்

ஸ்பானிய மொழியில் ஆர், ஏர், ஈர் என முடியும் வினைகளின் வழக்கமான நிகழ்கால விகுதிகளை நீங்கள் அறிவீர்கள் என்று எடுத்துக்கொண்டு, பகுதியே மாறிவிடும் வினைகளிலிருந்து தொடங்குகிறேன். இங்கே ஸ்பானியச் சொற்களில் அழுத்தம் விழும் அசையை மட்டும் நெடிலாக எழுதியிருக்கிறேன். அதை நீட்டுவதைவிட ஓங்கி ஒலிப்பதே முக்கியம்.

படி 1: உரக்கச் சொல்லிப் பாருங்கள்

நினைத்தலைக் குறிக்கும் வினை பென்ஸார். நான் நினைக்கிறேன் என்பது பியேன்ஸொ. நீ என்றால் பியேன்ஸஸ். அவன், அவள் என்றால் பியேன்ஸ. அவர்கள் என்றால் பியேன்ஸன். ஆனால் நாங்கள் நினைக்கிறோம் என்பது பென்ஸாமொஸ். ஸ்பெயினில் பலரைப் பார்த்துச் சொல்லும் வடிவம் பென்ஸாய்ஸ். பாடநூல்கள் மாறும் நான்கு கட்டங்களைச் சுற்றிக் கோடு வரைந்து, பூட்ஸ் போல இருக்கிறது என்று காட்டும். நானும் அந்தப் படத்தை மனப்பாடம் செய்து தாளில் பிழையின்றி எழுதினேன். வாயைத் திறந்தால் மட்டும் பியென்ஸாமொஸ் என்றே வந்துகொண்டிருந்தது. எந்தக் கட்டத்தில் மாறும் என்று கற்றேனே தவிர, ஏன் மாறுகிறது என்று பார்க்கவில்லை. மாறும் நான்கிலும் அழுத்தம் பகுதியின்மேல் விழுகிறது. மாறாத இரண்டிலும் அது விகுதிக்குத் தாவிவிடுகிறது. இது காதில் பட்ட பிறகு பூட்ஸ் படம் எனக்குத் தேவைப்படவில்லை.

லத்தீனில் குறிலாக இருந்த எ, ஒ ஆகிய உயிர்கள், அழுத்தம் பெற்ற இடங்களில் கஸ்தீலிய மொழியில், அதாவது இன்று ஸ்பானியம் எனப்படும் மொழியில், இயெ, உவெ என உடைந்தன. அழுத்தம் பெறாத இடங்களில் அப்படியே தங்கிவிட்டன. ஏழு என்பது சியேத்தெ ஆகவும் எழுபது என்பது செத்தேந்த ஆகவும் இருப்பது இதனால்தான். தமிழில் ஏழு, எழுபதில் குறுகுவதற்குக் காரணம் வேறு. ஆயினும் ஒரே சொல் இடத்துக்கேற்ப உயிரை மாற்றிக்கொள்வது நம் காதுக்குப் புதிதன்று.

படி 2: மும்மூன்றாக எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு வினை மாறுமா என்பதை அதன் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. புரிந்துகொள்ளுதலைக் குறிக்கும் எந்தெந்தேர், எந்தியேந்தொ என மாறுகிறது. ஏறக்குறைய அதே பொருளுடைய கொம்ப்ரெந்தேர், கொம்ப்ரேந்தொ என மாறாமலே நிற்கிறது. ஆகவே அகராதி வடிவம், நான் வடிவம், நாங்கள் வடிவம் ஆகிய மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். விரும்புதல்: கெரேர், கியேரொ, கெரேமொஸ். உறங்குதல்: தொர்மீர், துவேர்மொ, தொர்மீமொஸ். கேட்டு வாங்குதல்: பெதீர், பீதொ, பெதீமொஸ். உகரம் உவெ ஆகும் வினை, விளையாடுதலைக் குறிக்கும் ஹுகார் ஒன்றுதான். அது ஹுவேகொ ஆகும். ஆறு கட்ட அட்டவணைகளைச் சுவரில் ஒட்டுவதைவிட, கையால் எழுதிய இந்த மூன்று சொல் வரிசை எனக்கு நன்றாகப் பயன்பட்டது. ஐயம் வந்தால் ஸ்பானிய அரச அகாதெமியின் இணைய அகராதியைப் பாருங்கள்; இலவசம், வினைகளுக்கு முழு வடிவப் பட்டியலும் உண்டு.

படி 3: விதிக்கு அடங்காதவை

உடைமையைக் குறிக்கும் தெனேர், தியேனெஸ், தெனேமொஸ் என ஒழுங்காக நடந்துவிட்டு, நான் வடிவத்தில் மட்டும் தேங்கொ என்று ககரத்தை நுழைக்கிறது. வருதலைக் குறிக்கும் பெனீர், பேங்கொ ஆவதும் அப்படியே. ஆயிருத்தலைக் குறிக்கும் ஸேர், போதலைக் குறிக்கும் ஈர் ஆகிய இரண்டுக்கும் இறந்தகாலத்தில் ஃபுவீ என்ற ஒரே வடிவம்தான். வாக்கியத்தைக் கொண்டே பிரித்தறிய வேண்டும். ஈர் வினையின் நிகழ்காலத்தில் நான் போகிறேன் என்பது ஏறக்குறைய நம்முடைய போய் என்றே ஒலிக்கும். தற்செயல்தான், ஆனால் தமிழருக்கு மறக்காது.

பிற்சேர்க்கை

அழுத்தம் விகுதியில் இருந்தும், அவள் உறங்கினாள் என்பது துர்மியோ என்று ஏன் மாறுகிறது என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இங்கே வேலை செய்வது அழுத்தமன்று; விகுதியின் தொடக்கத்தில் வரும் இய் ஒலி, முன்னிருக்கும் ஒகரத்தை உகரமாகவும் எகரத்தை இகரமாகவும் உயர்த்துகிறது. அதனால்தான் துர்மியோ, துர்மியேரொன், பிதியோ. ஆனால் நான் உறங்கினேன் என்பது தொர்மீ. ஈர் என முடிந்து பகுதி மாறும் வினைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். பென்ஸார், அவன் நினைத்தான் என்னும்போது பென்ஸோ என்று மாறாமல் இருக்கும்.