அரசுக் கப்பலைக் கழிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

புதுச்சேரி தேங்காய்த்திட்டிலோ கடலூர் உப்பனாற்றிலோ தூர்வாரும் அரசு டிரெட்ஜரோ ரோந்துப் படகோ கண்டம் ஆகிவிட்டால், அதாவது இனி உதவாது என்று கழிக்கப்பட்டால், ஆபீசில் எழும் முதல் கேள்வி, ‘ஏலத்தில் எவ்வளவுக்குப் போகும்?’ என்பதுதான். தப்பு அங்கேயே ஆரம்பிக்கிறது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்காமல் டெண்டர் விடவே கூடாது.

பழைய கப்பல் வெறும் இரும்பு இல்லை. என்ஜின் அறையில் குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பொதி ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். நனைக்காமல் பிய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள்கூட ஆகும். அப்போது ஏல ஃபைலும் இருக்காது, காண்ட்ராக்டரும் இருக்கமாட்டார். பழைய கேபிள் உறையில் பிசிபி என்ற நச்சு ரசாயனம், பெயின்டில் ஈயம், அடித்தளத்தில் தேங்கிய எண்ணெய்க் கசடு என்று இன்னும் உண்டு. இதையெல்லாம் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டியது சொந்தக்காரரான துறை. ‘உள்ளது உள்ளபடியே’ என்று ஒரு வரி போட்டு ஏலம் எடுத்தவர் தலையில் கட்டுவது கைகழுவல்.

பட்டியல் இருந்தும் அது நம்பும்படி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்ஸின் கிளெமென்சோ போர்க்கப்பல் சாட்சி. எவ்வளவு ஆஸ்பெஸ்டாஸ் மிச்சம் என்பதே சர்ச்சையாகி, 2006இல் குஜராத்தின் அலங் கப்பல் உடைப்புத் தளத்துக்கு வரும் வழியிலேயே திருப்பி அழைக்கப்பட்டது. கடைசியில் இங்கிலாந்தில்தான் உடைத்தார்கள்.

‘இது அரசுக் கப்பல், அதுவும் சின்னது, சட்டம் நமக்கில்லை’ என்பது அடுத்த தவறு. 2025 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ள, கப்பல் உடைப்பு பற்றிய சர்வதேச ஹாங்காங் உடன்படிக்கை, போர்க்கப்பல்களுக்கும் வணிகம் சாராத அரசுக் கப்பல்களுக்கும் 500 டன்னுக்குக் குறைந்தவற்றுக்கும் விலக்கு தருவது உண்மை. ஆனால் அவற்றையும் முடிந்தவரை அதே முறைப்படி கையாள வேண்டும் என்று அதே உடன்படிக்கை சொல்வதை யாரும் படிப்பதில்லை. அதோடு, 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் இருக்கின்றன: அனுமதி பெற்றவரிடம்தான் கழிவு போக வேண்டும். காயலான் கடை லாரி அதற்கு ஆகாது.

ஆற்றங்கரையிலேயே கேஸ் கட்டரை வைத்து அறுக்கக் கூடாது. எண்ணெய் வாயு மிச்சமிருந்தால் தீப்பொறி ஒன்றே போதும். மூடிக் கிடந்த டேங்கில் துரு ஏறும்போதே ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். அளந்து பார்க்காமல் ஆளை இறக்கினால் ஏறி வரமாட்டார், தூக்கப் போகிறவரும் விழுவார்.

உடைக்காமல் கடலில் மூழ்கடித்தால் தொல்லை விட்டது என்ற எண்ணமும் உண்டு. 2018 மார்ச்சில் ஓய்வு பெற்ற கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் கடலூரைப் புதுச்சேரிக்கு அப்பால் கடலடி அருங்காட்சியகமாக்கும் யோசனை வந்தபோது இங்கே பலருக்கும் ஆசைதான், எனக்கும். ஆனால் எந்தக் கப்பலை இறக்கினாலும் எண்ணெய், கேபிள், காப்புப் பொதி எல்லாவற்றையும் முதலில் அகற்ற வேண்டும். அடிப்பாகத்துப் பழைய பெயின்டில் டிரைபியூட்டில்டின் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சங்கு, சிப்பி இனங்களைக் கெடுப்பதால் 2008 முதல் உலக அளவில் தடைசெய்யப்பட்ட சரக்கு அது. இந்தச் சுத்தம் செய்யும் செலவு முதல் மதிப்பீட்டிலேயே தனி வரியாக வர வேண்டும்.