பரணில் கிடந்த சூப்பர் 8 புரொஜக்டரை ஓட வைக்க

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் லென்ஸுக்குள்ளேயே பூஞ்சை பூக்கும். ஆனால் என் மேசைக்கு வரும் சூப்பர் 8 (வீட்டில் எடுத்த 8 மி.மீ. ஃபிலிமை ஓட்டும்) புரொஜக்டர்களில் முதல் வில்லன் அது இல்லை, பெல்ட்தான்.

சொருகும் முன் பின்தகட்டில் வோல்டேஜைப் பாருங்கள். 110 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230-இல் போடவே கூடாது.

மோட்டார் உறுமுகிறது, ரீல் சுற்றவில்லையா? பிளக்கை உருவிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். பழைய ரப்பர் பெல்ட் இளகி, தார் மாதிரி புல்லியில் அப்பியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சும் பல்குத்தும் குச்சியும் போதும், பொறுமைதான் வேண்டும். எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போனது. வேட்டியில் பட்ட கறை இன்னும் போகவில்லை. பழைய பெல்ட்டை அளக்க வழியில்லாததால் புல்லிகளைச் சுற்றி நூல் ஓட்டி அளந்து, ஒரு துளி குறைவாகவே வாங்குங்கள்.

படம் குதித்தால் கேட்டுக்கு (லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் கடந்துபோகும் சட்டம்) மேலும் கீழும் ஃபிலிம் வளைவு சரியாக நிற்கிறதா பாருங்கள். கேட்டில் ஒட்டிய அழுக்கைச் சுரண்ட இரும்பு ஆகாது. மூங்கில் குச்சி போதும். ஹாலஜன் பல்பை வெறுங்கையால் தொடாதீர்கள்.

முதலில் உதவாத ஃபிலிமைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடிக்கும் ரீல் சிதையத் தொடங்கிவிட்டது, அதை ஓட்டாமல் தனியே வையுங்கள். எங்கள் அக்கா கல்யாண ரீல் அப்படித்தான் தனி டப்பாவில் இருக்கிறது.