மார்பகத் தளர்ச்சி: தடுக்கவும் சரிசெய்யவும் என்ன செய்யலாம்?

மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை எதுவும் கிடையாது. கொழுப்பும் பால் சுரப்பிகளும் நிறைந்த அந்த உறுப்பைத் தாங்குபவை தோலும், ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பரின் பெயரால் வழங்கும் மெல்லிய இணைப்பு நார்களுமே. இவை நீண்டுவிட்டால் பழைய நிலைக்குத் தாமாகச் சுருங்குவதில்லை. ஆகவே எந்த எண்ணெயும் க்ரீமும் தளர்ந்த மார்பகத்தை உயர்த்தாது. அவற்றுக்காகப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

முதற்படியாக, இப்போதைய நிலையை அறிந்துகொள்ளுங்கள். பிரா அணியாமல் கண்ணாடி முன் பக்கவாட்டில் நேராக நின்று, மார்பகத்தின் அடிப்புறம் நெஞ்சோடு சேரும் மடிப்பையும் காம்பின் உயரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காம்பு மடிப்புக்கு மேலே இருந்தால் கவலையில்லை. மடிப்பின் மட்டத்தில் இருந்தால் லேசான தளர்ச்சி, அதற்குக் கீழே இறங்கியிருந்தால் நடுத்தரம், மார்பகத்தின் அடிமுனைக்கே வந்து தரையை நோக்கியிருந்தால் கடுமையானது. அப்போதே கட்டி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, தோலில் குழிவு, இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

தாய்ப்பால் கொடுத்தால் மார்பகம் தொங்கிவிடும் என்ற அச்சத்தால் பாலூட்டுவதைச் சீக்கிரம் நிறுத்தும் தாய்மார்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் பிரையன் ரிங்கர் 2007-இல் எடுத்துரைத்த ஆய்வில், வயது, உடல் எடை, கருவுற்ற தடவைகள், புகைப்பழக்கம், முன்பே பெரிதாக இருந்த மார்பகம் ஆகியவையே தளர்ச்சியோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன; பாலூட்டியதற்கும் தளர்ச்சிக்கும் தொடர்பு காணப்படவில்லை. கர்ப்பத்தில் மார்பகம் பெருத்துப் பின்னர் சுருங்குவதுதான் தோலைத் தளர்த்துகிறது. எனவே, குழந்தைக்குத் தயங்காமல் பால் கொடுங்கள்.

அடுத்தது பிரா. பிரா அணிவதால் மட்டும் தளர்ச்சி நின்றுவிடாது என்றாலும், சரியான அளவு வலியையும் அசைவையும் குறைக்கும். அளவு நாடாவை மார்பகத்துக்குச் சற்றுக் கீழே சுற்றி ஓர் அளவும், மார்பகம் மிகவும் எடுப்பாக உள்ள இடத்தில் இறுக்காமல் மற்றோர் அளவும் எடுத்து, வாங்கப்போகும் நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு மாறும். போட்டுப் பார்க்கும்போது மிகவும் தளர்வான கடைசி வரிசைக் கொக்கியிலேயே பொருந்த வேண்டும், ஏனெனில் எலாஸ்டிக் நாளடைவில் தளரும்போது உள் வரிசைகளுக்கு மாற்றிக்கொள்ள இடம் இருக்க வேண்டும். முதுகுப் பட்டை மேலேறக் கூடாது, இரண்டு விரல் நுழையும் அளவு இறுக்கமே போதும், தோள்பட்டை நாடாக்கள் தோலில் பதியக் கூடாது. ஓடும்போதும் குதிக்கும்போதும் ஸ்போர்ட்ஸ் பிரா கட்டாயம் அணியுங்கள்.

உடற்பயிற்சி மார்பகத்தை உயர்த்துவதில்லை. ஆனால் அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசை வலுப்பெற்று, கூன் நிமிரும்போது தோற்றம் மேம்படும். சுவரிலிருந்து கை நீட்டும் தூரத்தில் எட்டி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, முழங்கைகளை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பத்து முறை வீதம் இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள் செய்தால் தொடக்கத்துக்குப் போதும். பட்டினி கிடந்து எடையைச் சட்டெனக் குறைத்து மீண்டும் ஏற்றிக்கொள்வதைத் தவிருங்கள், புகைபிடிப்பதை நிறுத்துங்கள்.

நடுத்தர, கடுமையான தளர்ச்சியை உண்மையில் மாற்றக்கூடியது மார்பகத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சை ஒன்றே. அதில் மிகுதியான தோலை நீக்கிக் காம்பை மேலே பொருத்துவார்கள். தழும்பு நிலைக்கும், காம்பின் உணர்வு குறையலாம், பின்னாளில் பாலூட்டுவதும் பாதிக்கப்படலாம், அடுத்த கர்ப்பத்தில் மீண்டும் தளரலாம். ஆகவே குழந்தை பெறும் திட்டம் முடிந்து, பாலூட்டலை நிறுத்திச் சில மாதங்கள் கழித்து, எடை நிலையாக இருக்கும்போது, தகுதி பெற்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடம் தழும்பு எங்கே வரும், எவ்வளவு நீளம் இருக்கும் என்று கேட்டுத் தெளிந்த பிறகே முடிவெடுங்கள்.