ஈடிஎம் எலக்ட்ரோடுக்கு காப்பர் எடுக்கலாமா? முதல்முறை செய்கிறவர்களுக்கு

ஸ்பார்க் மெஷின், அதாவது எண்ணெய்க்குள் மின்பொறி அடித்து உலோகத்தைக் கரைத்துக் குழி எடுக்கும் ஈடிஎம் மெஷின், பழக வருகிறவர்கள் எல்லாரும் ஆன் டைம் (ஒவ்வொரு பொறியும் நீடிக்கும் நேரம்) எவ்வளவு வைக்கணும், எத்தனை ஆம்பியர் என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்பே எலக்ட்ரோடுக்கு, அதாவது பொறி அடித்துத் தன் வடிவத்தையே குழியாக இறக்கும் துண்டுக்கு, எந்தப் பொருளை எடுத்தோம் என்பதில் பாதி வேலை தீர்மானமாகிவிடும். நான் சொல்வது இப்படி எலக்ட்ரோடை உள்ளே இறக்கும் டை சிங்கிங் மெஷினுக்கு மட்டும், கம்பியால் அறுக்கும் ஒயர்கட் வேறு கதை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். காப்பர் 1085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், டூல் ஸ்டீல் (அச்சு, கருவி செய்யும் ஸ்டீல்) உருக 1400-க்கு மேல் போக வேண்டும், அப்படியானால் காப்பர்தானே முதலில் கரைய வேண்டும்? ஆனால் காப்பர் பொறி விழுந்த இடத்தில் சூட்டை நிற்கவே விடுவதில்லை. டூல் ஸ்டீலைவிடச் சுமார் 10 மடங்கு வேகமாக அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஸ்டீலில் சூடு அங்கேயே தேங்கி, உருகி, துளித்துளியாகத் தெறித்து எண்ணெயில் போய்விடுகிறது. காப்பரும் தேயத்தான் செய்யும், முக்கியமாகக் கூர் மூலைகளில், ஆனால் சரியான செட்டிங்கில் ரொம்பக் குறைவு.

படி 1: டிராயிங்கைப் பாருங்கள்

ஃபினிஷ் கண்ணாடி மாதிரி வர வேண்டுமா, எழுத்து, லோகோ மாதிரி நுணுக்கமான வேலையா, ஃப்ளஷிங் (எண்ணெய் ஓடித் துகளை வெளியே தள்ளுவது) சரியாகப் போகாத மூடிய குழியா? அப்படியானால் காப்பர். எண்ணெய் ஓட்டம் மோசமான இடத்தில் ஆர்க் அடித்து (பொறி ஒரே இடத்தில் நின்று எரிந்து) ஜாப்பில், அதாவது குழி எடுக்கும் பொருளில், கறுப்புக் குழி விழுவது கிராஃபைட்டைவிடக் காப்பரில் குறைவு.

பெரிய கேவிட்டி (குழி), நிறைய மெட்டீரியல் எடுக்க வேண்டும் என்றால் கிராஃபைட் பக்கம் போங்கள். 100 மிமீ கனசதுரம் காப்பரில் கிட்டத்தட்ட 9 கிலோ, கிராஃபைட்டில் 2 கிலோகூட வராது. அந்த எடையை மெஷின் தலையில் தொங்கவிட்டு மணிக்கணக்கில் மேலும் கீழும் ஆட்டுவது மெஷினுக்கும் நல்லதில்லை. ஆழமான மெல்லிய ரிப்புக்கும் (ஒடுங்கிய பள்ளம்) காப்பரை யோசித்து எடுங்கள், மில்லிங் செய்யும்போதே கட்டர் தள்ளி எலக்ட்ரோடு வளைந்துவிடும். கார்பைடு ஜாப் என்றால் வெறும் காப்பர் சீக்கிரம் தேயும், காப்பரும் டங்ஸ்டனும் சேர்ந்த காப்பர் டங்ஸ்டன் வாங்குங்கள்.

படி 2: எந்தக் காப்பர்

கடையில் காப்பர் என்று கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள். எலக்ட்ரோலைட்டிக் காப்பர் (மின்முறையில் சுத்திகரித்தது) என்று கேட்டு வாங்குங்கள். நுணுக்கமாகக் கடைய வேண்டியிருந்தால் டெல்லூரியம் காப்பர் நல்லது. அதில் டெல்லூரியம் அரை சதவீதம்தான், ஆனால் சுருள் உடைந்து உடைந்து விழும், சுத்தக் காப்பர் மாதிரி கட்டரில் பசை போல ஒட்டிக்கொள்ளாது. பித்தளை மலிவாக இருக்கிறதே என்று அதில் செய்து பார்க்காதீர்கள், கடைவது சுகம், மெஷினில் ஏற்றினால் கண்ணெதிரே தேயும்.

படி 3: அளவு குறைத்தல்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். பொறிக்கு இடைவெளி வேண்டும், அதனால் எலக்ட்ரோடு கேவிட்டியைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். எவ்வளவு என்று உங்கள் மெஷின் சார்ட்டில் இருக்கும். உதாரணத்துக்கு, 20.00 மிமீ சதுரக் குழி, ஃபினிஷிங்குக்கு (கடைசியில் அளவுக்கு மெருகாக்குவது) ஒரு பக்கம் 0.10 குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரோடு 19.80, ஏனென்றால் இரண்டு பக்கமும் கழிக்கணும். ரஃபிங்குக்கு (முதலில் மொத்தமாக எடுப்பது) ஒரு பக்கம் 0.30 என்றால் 19.40. ஒரு பக்கத்தை மட்டும் கழித்துவிட்டு ஜாப்பைப் பெரிதாக்கியவர்கள் ஏராளம். ரஃபிங்குக்கு ஒன்று, ஃபினிஷிங்குக்கு ஒன்று என்று இரண்டாகச் செய்துவிடுங்கள். ஒன்றிலேயே முடிக்கப் பார்த்தால் தேய்ந்த மூலைதான் ஃபினிஷிங்குக்கு மிஞ்சும்.

படி 4: கடைதல், பிசிறு எடுத்தல்

கட்டர் புதிதாக, கூராக இருக்க வேண்டும், கூலன்ட் தாராளமாகப் போக வேண்டும். ஸ்டீலுக்கு ஓட்டித் தேய்ந்த கட்டரைக் காப்பருக்கு எடுத்தால் வெட்டாது, இழுத்துப் பூசும்.

அப்புறம் பிசிறு. ஒருமுறை அவசரத்தில் விளிம்பைத் துடைத்துவிட்டு அப்படியே ஏற்றிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத, நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படுகிற மயிரிழைப் பிசிறு ஒன்று மூலையோரம் நின்றிருக்கிறது. கேவிட்டியைத் திறந்து பார்த்தால் சுவரோடு மேலிருந்து கீழே ஒரே நேர்க்கோடு, பாலிஷ் போடும் ஆள் அதைத் தேய்த்து எடுக்க அரை நாள் ஆனது. எலக்ட்ரோடில் என்ன இருக்கிறதோ அதுதான் ஜாப்பில் இறங்கும். அன்றிலிருந்து லென்ஸ் வைத்து எல்லா விளிம்பையும் பார்க்கிறேன், நைஸ் எமரித்தாளால் லேசாக எடுக்கிறேன். அழுத்தித் தேய்த்தால் கூர் மூலை உருண்டுவிடும், ஜாக்கிரதை.

படி 5: ஏற்றி ஓட்டுதல்

ஹோல்டரில் இறுக்கி, டயல் (முள் காட்டும் அளவுக் கருவி) வைத்து நேர் பாருங்கள். காப்பர் மென்மையானது, வைஸில் முரட்டுத்தனமாக இறுக்கினால் தழும்பு விழும். ஸ்டீல் ஜாப்புக்குப் பொதுவாக எலக்ட்ரோடு பாசிட்டிவ். ஆன் டைமை நீளமாக வைத்தால் தேய்மானம் குறையும், ஃபினிஷிங்கில் ஆன் டைமைக் குறைத்தால் பரப்பு வழவழப்பாகும், கூடவே எலக்ட்ரோடும் கொஞ்சம் தேயும். பொறி விழும் இடத்துக்கு மேல் எண்ணெய் நாலு விரல் உயரமாவது நிற்கட்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும்.

ஒரு மில்லிமீட்டர் இறங்கியதும் நிறுத்தி, எலக்ட்ரோடைத் தூக்கி மூலையைப் பாருங்கள். உருண்டிருந்தால் ஆம்பியரைக் குறைத்துவிட்டுத் தொடருங்கள். வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எலக்ட்ரோடு மேலிருந்து கீழ்வரை ஒரே குறுக்களவாக இருந்தால் அடியில் தேய்ந்ததை மட்டும் சீவி எடுத்துவிட்டு இன்னொரு குழிக்கு இறக்கலாம்.